பேசுவது ஒருவர், கேட்பது யார்?

நாடகத் தனிமொழி என்பது ஒரே ஒரு பாத்திரம், ஏதோ ஒரு நெருக்கடியில், யாரோ ஒருவரிடம் பேசும் பேச்சு. மேடையில் நிற்பது ஒருவர்தான். காட்சியில் இருப்பதோ குறைந்தது இரண்டு பேர். கேட்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், வாய் திறக்கவும் மாட்டார். அவர் முகம் சுளிப்பது, குறுக்கே கேட்பது, எழுந்து போகப் பார்ப்பது எல்லாம் பேசுபவரின் சொற்களிலும் கண்களிலும்தான் தெரிய வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கலையைச் சொல்லிக்கொடுப்பதில் பாதி வேலை, தெரியாத அந்த ஆளைத் தெரிய வைப்பது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தனியாள் நடிப்பு புதிதல்ல. ஆண்டு விழா வந்தால் கறுப்புக் கோட்டும் முண்டாசுமாக ஒரு பாரதியார் வருவார். அட்டைக் கத்தியோடு ஒரு கட்டபொம்மன் வருவார். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தையும், 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துக் கைதட்டு வாங்கிய தலைமுறைகள் உண்டு. இதை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. நீண்ட வசனத்தை நினைவில் வைக்கவும், கூட்டத்தின் முன் கால் நடுங்காமல் நிற்கவும் அது பழக்கியது. ஆனால் அந்த இரண்டு காட்சிகளிலும் எதிரே ஓர் ஆள் இருக்கிறார்: ஒன்றில் நீதிபதி, மற்றதில் ஜாக்சன் துரை. பள்ளி மேடைக்கு வரும்போது அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். பிள்ளை ஒலிவாங்கியைப் பார்த்துப் பேசுகிறது. தனிமொழி சரிந்து விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நெருங்கிய உறவுடைய வேறு சில வடிவங்களிலிருந்தும் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹேம்லெட் தனியாக நின்று தன் மனத்தோடு பேசுவது தன்னுரை. அங்கே கேட்பவர் அவனேதான். கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் பெயர் பெற்ற மோனோ ஆக்டில் ஒருவரே அடுத்தடுத்துப் பல பாத்திரங்களாக மாறுவார். பலகுரல் வேறு திறமை. பேச்சுப் போட்டியில் பேசுபவருக்குக் கருத்து உண்டு, நெருக்கடி கிடையாது.

ஒருவர் பேச மற்றவர் வாய் திறவாமல் கேட்கும் இந்த அமைப்பு தமிழின் மிகப் பழைய சொத்து. சங்க அகப்பாடல்கள் ஏறக்குறைய எல்லாமே யாரோ ஒருவரின் கூற்று: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, தலைவன் கூற்று. கலித்தொகையின் 51ஆம் பாட்டு இதற்கு நல்ல சான்று. தலைவி தன் தோழியிடம் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறாள். சின்ன வயதில் தன் மணல்வீட்டைக் காலால் கலைத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய குறும்பன், வளர்ந்தபின் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். தாய் கொடுக்கச் சொல்ல, இவள் கொண்டு போகிறாள். அவன் கையைப் பிடித்துவிடுகிறான். இவள் அலறுகிறாள், தாய் ஓடி வருகிறாள். அந்த நொடியில் பெண்ணின் வாயிலிருந்து வருவது உண்மையல்ல: தண்ணீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கல் வந்துவிட்டதாம். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். மூன்று பேர் நடமாடும் முழு நாடகம், ஒரே வாய் வழியாக. திட்டுவதுபோல் சொல்லிக்கொண்டு போகும் அவள் உள்ளூர மகிழ்கிறாள் என்பதை எந்தச் சொல்லும் நேராகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நாடகத் தனிமொழிக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது ராபர்ட் பிரௌனிங் 1842இல் வெளியிட்ட ‘மை லாஸ்ட் டச்சஸ்’. அங்கும் இதே உத்திதான்: பெண் பேச வந்த தூதனிடம் ஒரு பிரபு தன் மறைந்த மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறான்; பேசப் பேசத் தன் கொடுமையைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறான்.

பாடம் நடத்துவதற்கான கருவிகளும் தமிழிலேயே இருக்கின்றன. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு உறுப்புகளாகச் சொல்பவற்றில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்ற எட்டையும் எடுத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டால் ஏறக்குறைய முழுப் பாடத்திட்டமும் வந்துவிடும். யார் பேசுவது, யாரிடம், எங்கே, எப்போது, பேசி என்ன கிடைக்க வேண்டும், உடம்பில் தெரியும் உணர்ச்சி என்ன, சொல்லாமல் விட்டது எது என்று அவற்றைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். இந்த எட்டில் கடைசியான முன்னம்தான் எல்லாவற்றுக்கும் உரைகல். இன்ன பேச்சை இன்னார் இன்னாரிடம் பேசுகிறார் என்பது அந்தப் பேச்சிலிருந்தே விளங்க வேண்டும் என்கிறது அது. ‘நான் ஒரு மாணவன், என் பாட்டியிடம் பேசுகிறேன்’ என்று அறிவித்துக்கொண்டு தொடங்கும் தனிமொழிக்கு முன்னம் இல்லை.

பதினொன்று முதல் பதினான்கு வயதுவரை உள்ளவர்களுக்கு இந்த வடிவம் தனியாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அந்த வயதில் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் வாய் அடைத்துக்கொள்ளும். சக மாணவர்களின் சிரிப்புக்கு உள்ள பயம் வேறெதற்கும் இராது. இன்னொருவர் வாயாகப் பேசச் சொன்னால் அதே பிள்ளை தாராளமாகப் பேசும். முகமூடிக்குப் பின்னால் துணிவு வருவதுபோல. இன்னொன்று, வேடப் பகிர்வு. பள்ளி நாடகம் என்றாலே நான்கு பேருக்கு வசனம், மற்றவர்களுக்கு மரம், மதில், சேவகன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளி ஒன்றில் நூலகராக இருந்த லாரா ஏமி ஷ்லிட்ஸ் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். இடைக்காலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் யாருக்கும் சின்ன வேடம் பிடிக்காது என்பதால், 1255ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலக் கிராமத்தைக் கற்பனை செய்து, அங்குள்ள சிறுவர் சிறுமியருக்குத் தனித்தனியாகத் தனிமொழிகள் எழுதினார். சில நிமிடங்களுக்காவது ஒவ்வொரு பிள்ளையும் கதாநாயகன் அல்லது கதாநாயகி. ‘குட் மாஸ்டர்ஸ்! ஸ்வீட் லேடீஸ்!’ என்ற பெயரில் 2007இல் நூலாக வந்த அந்தத் தொகுப்பு, 2008க்கான நியூபெரி பதக்கத்தைப் பெற்றது.

இனி எழுதும் வேலை. தமிழ் வகுப்பில் நன்கு பழகிய ஒரு கட்டுரை வகை இங்கே குறுக்கே நிற்கும்: ‘தன் வரலாறு கூறுதல்’. ஒரு பேருந்து, ஒரு நாணயம், ஒரு மரம் தன் பிறப்பு முதல் இன்றுவரை நடந்ததை வரிசையாகச் சொல்லும். அதில் யாரும் எதையும் யாரிடமும் கேட்பதில்லை. தனிமொழியோ நடுவில் தொடங்குகிறது. பேசுபவருக்கு இந்த நிமிடம் ஏதோ ஒன்று வேண்டும்: மன்னிப்பு, பணம், அனுமதி, ஒரு பொய்ச் சாட்சி. எதிரே உள்ளவர் அதை எளிதில் கொடுக்கமாட்டார். ‘சோகமான ஒரு தனிமொழி எழுது’ என்று உணர்ச்சியிலிருந்து தொடங்கினால் அழுகைதான் கிடைக்கும். ‘யாரிடம் என்ன கேட்கப் போகிறாய், அவர் ஏன் தரமாட்டார்’ என்று தொடங்கினால் அழுகையோ சிரிப்போ தானாக வரும்.

பாத்திரம் தேடத் தலைவர்களிடம் போகாமல் இருப்பது நல்லது. தலைவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பாடப்புத்தகம் சொன்னது மட்டும். சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணும் ஆயா, சில்லறை இல்லாமல் மாணவரோடு மல்லுக்கட்டும் நடத்துநர், தம்பியின் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிட்ட அக்கா — இவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் காதால் கேட்டிருக்கிறார்கள். பாத்திரத்தைத் தேர்ந்தபின், எழுதுவதற்கு முன்னால் ஒரு பயிற்சி. ஆங்கிலேய நாடக வகுப்புகளில் ‘ஹாட் சீட்’ என்பார்கள். மாணவர் பாத்திரமாக நாற்காலியில் உட்கார, வகுப்பு கேள்வி கேட்கும். காலையில் என்ன சாப்பிட்டாய்? யாரைக் கண்டால் பயம்? பையில் என்ன இருக்கிறது? பத்து நிமிடம் போதும். எதிர்பாராத கேள்விக்குத் திணறிச் சொன்ன பதிலில்தான் பெரும்பாலும் கதை ஒளிந்திருக்கும். நேராக வெள்ளைத் தாளின் முன் உட்கார்த்திவைக்கும் ஆசிரியருக்கு அது கிடைக்காது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். ஆடு மேய்க்கப் போன பையன் ஆட்டைத் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறான். முதல் வரைவு ஏறக்குறைய எப்போதும் இப்படித்தான் வரும்: ‘நான் மிகவும் வருத்தத்தில் இருக்கிறேன். எங்கள் ஆட்டை நான் தொலைத்துவிட்டேன். என் தந்தை என்னை அடிப்பாரோ என்று அஞ்சுகிறேன்.’ பிழை எதுவும் இல்லை, உயிரும் இல்லை. கேட்பவர் யார், அவரிடம் வேண்டியது என்ன என்று இரண்டு கேள்விகளைப் போட்டபின் அதே பையன் இப்படி மாறலாம்:

‘அப்பத்தா, அப்பா வந்துட்டாகளா? … இல்ல, சும்மாதான் கேட்டேன். … கையிலயா? ஒண்ணுமில்ல, கயிறு. … ஆமா, செவலையக் கட்டுற கயிறுதான். … வரும் அப்பத்தா, அது பாட்டுக்கு வரும். போன வாரம்கூடத் தானா வந்துச்சுல்ல? … நான் எங்கயும் போகல. ஒரே ஒரு ஓவர். பந்து போட ஆளில்லைன்னு கூப்பிட்டாய்ங்க. … அப்பத்தா, நீ சொன்னா அப்பா கேப்பாக. நீதான் அவுத்துவிட்டேன்னு சொல்லு. வயசாயிருச்சு, மறந்துட்டேன்னு சொல்லு. … ஏன் அப்பத்தா அப்படிப் பாக்குற? … சரி, சொல்ல வேணாம். டார்ச்சு லைட்டு எங்க இருக்கு? கண்மாய்ப் பக்கம் பாத்துட்டு வாரேன்.’

வருத்தம், பயம் என்ற சொற்கள் எங்கும் இல்லை. தொல்காப்பியம் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கு காரணங்களை அடுக்குகிறது. இந்தப் பையனுக்கு அப்பாதான் இறை. அது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. விளையாடப் போனதால்தான் ஆடு போனது என்பது எச்சம். ஒரு ஓவர் என்று அவன் சுருக்கிச் சொல்வதில் கேட்பவர் அதைப் பிடித்துக்கொள்வார். பாட்டியைப் பொய் சொல்லச் சொல்லும் இடத்தில் பேச்சு முறுக்கேறுகிறது, அவள் பார்வையில் திரும்புகிறது. திருப்பம் இல்லாத தனிமொழி புலம்பலாக நின்றுவிடும். முடிவில் பையன் திருந்தியதாக அறிவிக்கவும் இல்லை. டார்ச்சு லைட்டைத் தேடுகிறான், அவ்வளவுதான். நீதியோடு முடிக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் ஆழமாக ஊறியது. ‘கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டுப் படித்துப் பார்’ என்று சொன்னாலே பல தனிமொழிகள் நிமிர்ந்துவிடும்.

மொழி பற்றிய கேள்வி தமிழில் மற்றப் பல மொழிகளைவிடக் கூர்மையானது. எழுதும் தமிழும் பேசும் தமிழும் இவ்வளவு விலகியிருக்கையில், தேர்வுத் தாளில் ‘வந்துச்சு’ என்று எழுதினால் சிவப்பு மை விழும். அதனால் பேனா கையில் ஏறியதும் பிள்ளையின் அப்பத்தா ‘பாட்டியாரே’ ஆகிவிடுகிறார். தனிமொழிக்கு இந்தத் தடையை ஆசிரியர் வாய்விட்டு நீக்க வேண்டும்: உரையாடல் பாத்திரம் பேசுகிறபடியே எழுதப்படலாம், அதற்கு மதிப்பெண் குறையாது என்று. கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை எழுத்தில் கொண்டுவந்ததையும் வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்ததையும் சொல்லலாம். எழுத்துக்கூட்டல் தடுமாறும், ‘பாத்துட்டு’வா ‘பார்த்துட்டு’வா என்று சண்டை வரும். ஒரே தாளில் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும். ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தன் ஊர்ப் பேச்சை எழுதுவது வேறு, அடுத்த சாதிக்காரர், திக்கிப் பேசுபவர், வேற்று ஊர்க்காரர் பேச்சைக் கேலிக்காக எழுதுவது வேறு. திரைப்பட நகைச்சுவையில் ஊறிய பிள்ளைகள் இரண்டாவதற்குச் சீக்கிரம் போய்விடுவார்கள். அந்தப் பாத்திரம் எதிரே உட்கார்ந்து கேட்டால் சிரிக்குமா என்று கேட்டாலே பலர் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

நீளம் இரண்டு, மூன்று நிமிடம். நடிப்போடு பேசினால் நிமிடத்துக்கு எண்பது முதல் நூறு தமிழ்ச் சொற்கள் என்று கணக்கிடலாம். ஆக, நோட்டில் ஒன்றரைப் பக்கம். முதல் வரைவு பெரும்பாலும் இதைப்போல் இரண்டு பங்கு இருக்கும். வெட்ட வேண்டிய வரிகளைக் கண்டுபிடிக்க வாய்விட்டுப் படிப்பதைவிட நல்ல வழி இல்லை. நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே எழுத்துத் தமிழ் ஒளிந்திருக்கும்.

நடிப்புப் பயிற்சியின் முதல் எதிரி ஒப்பிக்கும் ராகம். திருக்குறளும் வாய்ப்பாடும் சொல்லிப் பழகிய இழுவை, மனப்பாடம் செய்த எதற்கும் தானாக ஏறிவிடும். வசனத்தைச் சொல்லிக்கொண்டே துணி மடிப்பது, பை அடுக்குவது என்று கைக்கு ஒரு வேலை கொடுத்தால் ராகம் உதிரும். அடுத்தது புள்ளி வைத்த இடைவெளிகள். மேலே உள்ள மாதிரியில் ஒவ்வொரு மூன்று புள்ளிக்கும் பின்னால் அப்பத்தா ஏதோ சொல்கிறாள் அல்லது செய்கிறாள். அவற்றை மாணவர் தன் நோட்டில் வேறு நிற மையில் எழுதிக்கொள்ள வேண்டும்: ‘கையில என்னடா?’, ‘அது செவலையோட கயிறுல்ல?’ என்று. முதல் ஒத்திகையில் பக்கத்துப் பிள்ளை இந்த வரிகளைச் சத்தமாகச் சொல்லும். இரண்டாவதில் வாயை மட்டும் அசைக்கும். மூன்றாவதில் வெற்று நாற்காலி. நான்காவதில் நாற்காலியும் போய்விடும். கேட்டபின்தான் பதில் சொல்வது என்ற பழக்கம் அதற்குள் உடம்பில் இறங்கியிருக்கும். இந்த ஒரு பயிற்சிக்கு இரண்டு பாடவேளை செலவானாலும் தகும்.

கண் எங்கே போகிறது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். அப்பத்தாவை மேடையின் ஓரத்தில் வைத்தால் பார்ப்பவர்களுக்குப் பையனின் காது மட்டும் தெரியும். அவளைப் பார்வையாளர் பக்கம், நடுவிலிருந்து சற்று விலக்கி வைக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் என்றால் பார்வை தாழ இருக்கும். தலைமையாசிரியர் என்றால் நிமிரும். அந்த இடம் மாறக்கூடாது. பொருள் ஒன்று போதும், இங்கே கயிறு. அதை முதுகுக்குப் பின்னால் மறைப்பது, விரலில் சுற்றுவது, கீழே வைப்பது என்று மூன்று செயல் செய்தாலே கைகளை எங்கே வைப்பது என்ற பழைய தொல்லை தீர்ந்தது. வேடம், ஒப்பனை எதுவும் தேவையில்லை. மாறுவேடப் போட்டியில் பெற்றோர் செலவழிக்கும் பணமும் மிச்சம்.

குரலைப் பற்றி: கத்துவது வேறு, கடைசி வரிசைக்குக் கேட்பது வேறு. வயிற்றிலிருந்து மூச்செடுத்து, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் முடித்தால் வகுப்பறைக்கு ஒலிவாங்கி வேண்டியதில்லை. ஏழு, எட்டாம் வகுப்புப் பையன்களில் சிலருக்கு மகரக்கட்டு உடையும் காலம் இது. நடுவில் குரல் கிறீச்சிட்டால் வகுப்பே சிரிக்கும். இது எல்லோருக்கும் வருவது என்று முதல் நாளே பொதுவாகச் சொல்லிவிடுவது நல்லது. பெண் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல், மெதுவாகப் பேசு என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அடங்கிய குரல். சபைக்கூச்சத்துக்கு மருந்து படிப்படியான கூட்டம்: முதலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசுவது, பிறகு ஒரு தோழருக்கு, பிறகு ஐந்து பேர் குழுவுக்கு, கடைசியில் வகுப்புக்கு.

மதிப்பிடுவதை ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு தனிமொழி முடிந்ததும் பார்த்தவர்கள் ஒரு துண்டுத் தாளில் மூன்று விடை எழுதலாம்: யாரிடம் பேசினார், என்ன வேண்டியிருந்தது, எந்த இடத்தில் மாறியது. பாதிப் பேர் சரியாக எழுதினால் முன்னம் அமைந்துவிட்டது. எழுதவில்லை என்றால் எதைத் திருத்த வேண்டும் என்பது பேசியவருக்கே தெரிந்துவிடும். ‘நன்றாக இருந்தது’ என்ற பாராட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

வீட்டுக் கதைகள் தாளில் வந்துவிடும் என்பதையும் ஆசிரியர் எதிர்பார்க்க வேண்டும். குடி, சண்டை, சாவு. பெயர், உறவு, ஊர் மூன்றையும் மாற்றிவிடலாம், எழுதியதை நடித்தே ஆக வேண்டும் என்பதில்லை என்ற இரண்டு விதிகளும் தொடக்கத்திலேயே சொல்லப்பட வேண்டும். அடியோ பாலியல் துன்பமோ உண்மையில் நடப்பதாகத் தோன்றினால் அது நாடகப் பாடம் அல்ல. தலைமையாசிரியரிடமும், குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணுக்கும் போக வேண்டிய செய்தி.

நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் வெறும் பேச்சே இரண்டு மணி நேரம். தொடர்பில்லாத நாற்பது துண்டுகளை யாரும் அவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்கமாட்டார்கள். இதற்குத் தீர்வு, ஒரே நிகழ்ச்சியைச் சுற்றிப் பல குரல்கள். கவிஞர் எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915இல் ஒரு சிற்றூரின் இறந்தவர்களைக் கல்லறையிலிருந்து பேசவைத்தார். பால் ஃப்ளைஷ்மனின் ‘சீட்ஃபோக்ஸ்’ (1997) கிளீவ்லாந்து நகரில் குப்பை கொட்டிய காலி மனை ஒன்று தோட்டமாவதைப் பதின்மூன்று பேர் வாயால் சொல்கிறது. வகுப்பில் ஆறேழு பேர் ஒரு குழுவாகி, ஆடு தொலைந்த மாலையை அப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பந்து போடக் கூப்பிட்ட நண்பன் தன் அம்மாவிடம், கண்மாய்க்கரையில் ஆட்டைப் பார்த்தும் பேசாமல் போனவர் தன் மனைவியிடம், அப்பா ஆட்டு வியாபாரியிடம். குழுவினர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முறை வரும்போது எழுந்து பேசிவிட்டு உட்காருவார்கள். ஒரு தனிமொழியில் வாய் திறவாமல் கேட்டவரே அடுத்ததில் பேசுபவராக வரலாம். பையன் டார்ச்சு லைட்டோடு இறங்கிப் போனதும் அப்பத்தாவாக வரும் மாணவி எழுவாள், கீழே கிடக்கும் கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், வாசலில் வந்து நிற்கும் மகனைப் பார்த்துப் பேசத் தொடங்குவாள்.